மலைநாட்டுக் காணியும் உறுதியும்



அயல்நாட்டில் நிலம் வாங்குவது இக்காலத்துச் செல்வர்களின் புது வழக்கம் என்று பலர் எண்ணுவர். நமது மலைநாட்டின் வரலாறோ அவ்வழக்கத்திலிருந்தே தொடங்குகின்றது. தலவாக்கலையில் ஹோலிரூட் என்றும், அக்கரப்பத்தனையில் பெல்மோரல் என்றும் தோட்டங்கள் உள. இரண்டும் ஸ்கொட்லாந்து நாட்டு அரச மாளிகைகளின் பெயர்கள். வாங்கியவர் எந்நாட்டவர் என்பதை அப்பெயர்களே உரைக்கின்றன.

1840ஆம் ஆண்டில் ஆங்கில அரசு ஒரு சட்டம் இயற்றியது. காடும் தரிசும் பயிரிடப்படாத நிலமும், உரிமை வேறொருவருடையதென நிறுவப்படும் வரை, முடிக்குரியன என்று அது விதித்தது. தலைமுறை தலைமுறையாகச் சேனைப் பயிர் செய்த கண்டிக் கிராமத்தவரிடம் எழுத்தில் அமைந்த உறுதி ஏது? அக்காணிகள் ஏக்கர் ஐந்து சிலிங்குக்கு விலைபோயின. 1844இல் விலை ஒரு பவுணாயிற்று. வாங்கியோருள் அரசாங்க உயர் அதிகாரிகளும் இருந்தனர் என்பது கருதத்தக்கது.

கோப்பி செழித்தது, 1869இல் தோன்றிய இலைநோயால் அழிந்தது. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் இங்கு வந்து தோட்டங்களை வாங்கினார். நாளடைவில் பெருந்தோட்டங்கள் பல இலண்டன் கம்பெனிகளின் உடைமையாயின. இம்மலைகளைக் கண்ணாலும் காணாத பங்காளர் இலாபம் பெற்றனர்.

அதே காலத்தில் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தோர் நம் முன்னோர். காட்டை வெட்டியவரும், கன்று நட்டவரும், கொழுந்து கிள்ளியவரும் அவரே. அவருக்குக் கிடைத்தது கங்காணியின் கடனும், லயத்தில் ஓர் அறையும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவருட் பெரும்பாலோர் குடியுரிமையும் அற்றவராயினர். 1963இல் குடியுரிமை இல்லாதோருக்குக் காணி கைமாறினால், அதன் பெறுமதிக்கு ஈடான வரி விதிக்கப்பட்டது. அயலாருக்கு இட்ட வேலி, இங்கேயே பிறந்தவரையும் வெளியே நிறுத்தியது.

வட ஆபிரிக்காவிலும் இத்தகைய வரலாறு உண்டு. அல்ஜீரியாவில் பிரெஞ்சுக் குடியேறிகள் நல்ல நிலங்களைக் கைக்கொண்டிருந்தனர். 1962இல் விடுதலை கிடைத்தபின், அவர்கள் விட்டுச்சென்ற பண்ணைகளைத் தொழிலாளர் குழுக்கள் நடத்தலாயின. தூனிசியா 1964இல் அயலாரின் விவசாய நிலங்களை அரசுடைமையாக்கியது. இலங்கையில் 1972, 1975ஆம் ஆண்டுச் சட்டங்களால் தோட்டங்கள் அரசின் கைக்கு வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் கம்பெனிகளுக்குச் சென்றது. உடைமையாளர் மாறினர், லயம் மாறவில்லை.

2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை அளித்தது. 2014இல் அயலாருக்குக் காணி விற்பது, சில விலக்குகளுடன், தடை செய்யப்பட்டது. அண்மை ஆண்டுகளில் தோட்டக் குடும்பங்கள் சிலவற்றுக்கு ஏழு பேர்ச் காணியில் தனிவீடு அமைந்துள்ளது. ஏக்கருக்கு 160 பேர்ச். ஏழு பேர்ச் என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி.

மிகச் சிறிய நிலமே. ஆயினும் பள்ளியிற் பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோரிடம் விலாசம் கேட்கும்போது, தோட்டத்தின் பெயரையே சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். வீட்டுக்கென ஓர் இலக்கமும், அதற்கோர் உறுதியும் இருப்பதன் பெருமையை அவர்கள் நன்கறிவர். ஐந்து சிலிங்குக்கு ஓர் ஏக்கர் பெற்றவர் கப்பலேறிச் சென்றுவிட்டார். ஐந்து தலைமுறை உழைத்தவர் இன்னும் உறுதிக்குக் காத்திருக்கின்றார். இக்கணக்கைத் தீர்ப்பது நம் காலத்தின் கடமை.