மேடையிலிருந்து இறங்கிய மைக்

பகல் திரை – அத்தியாயம் 6

ஆட்டமும் பாட்டும் பார்க்கலாம் என்று ஸ்டுடியோ வாசலில் ஒரு கூட்டம் வரிசையில் நிற்கிறது. உள்ளே ஆட்டமும் இல்லை, பாட்டும் இல்லை. சென்ற வாரம் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருந்தோம்.

1967 நவம்பர் 6, திங்கட்கிழமை. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரம். டபிள்யூ.எல்.டபிள்யூ.டி. என்ற உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையத்தில் ஜானி கில்பர்ட் என்பவர் பகல் நேரக் கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றை நடத்திவந்தார். அதற்கான டிக்கெட்டுகள் முன்கூட்டியே ரசிகர்கள் கைக்குப் போய்விட்டன. கில்பர்ட்டோ அதற்குள் நிலையத்தைவிட்டே போய்விட்டார். (பின்னாளில் ‘ஜெபர்டி’ வினாடி வினா நிகழ்ச்சியின் அறிவிப்பாளராக அமெரிக்கா முழுவதும் அறிந்த குரல் இவருடையதுதான்.)

அவருடைய நேரம் போய்ச் சேர்ந்தது 31 வயது இளைஞர் ஒருவரிடம். பெயர் ஃபில் டானஹ்யூ. ஒரு விருந்தினர், எதிரே தான், கூடவே நேயர்களின் தொலைபேசி அழைப்புகள். இவ்வளவுதான் அவருடைய திட்டம். பார்வையாளர்களுக்கு அதில் இடமே கிடையாது. ஆனால் டிக்கெட்டோடு வந்து நிற்பவர்களைத் திருப்பி அனுப்பினால் நிலையத்தின் பெயர் கெடும். சரி, உள்ளே விடுங்கள், உட்கார்ந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது.

உட்கார்ந்தார்கள். அவர்கள் முன்னால் வந்து அமர்ந்தவர் மடலின் மர்ரே ஓ’ஹேர்!

அந்தப் பெயர் அன்றைய அமெரிக்காவில் எப்படி ஒலித்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். அரசுப் பள்ளிகளில் பைபிள் வாசிப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்த நாத்திகர் அவர். 1963-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த வழக்கத்தை அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று தள்ளியது. ஒரே தீர்ப்பில் முடிந்த இரண்டு வழக்குகளில் ஒன்று ஓ’ஹேருடையது. மறு ஆண்டே ‘லைஃப்’ பத்திரிகை அவரை அமெரிக்காவிலேயே மிக அதிகமாக வெறுக்கப்படும் பெண் என்று எழுதியது. (அவருடைய முடிவு ஒரு துப்பறியும் நாவலுக்கே போதும். 1995-ல் மகனோடும் பேத்தியோடும் காணாமல் போனார். மூவரும் கொலையுண்டிருந்தார்கள். உடல்களின் எச்சங்கள் 2001-ல்தான் டெக்சாஸில் கிடைத்தன.)

இப்படிப்பட்டவரை முதல் நாளே அழைத்து உட்காரவைத்தவர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. நோட்டர் டேம் என்ற கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கியவர். துணிச்சலா, கிறுக்குத்தனமா?

இரண்டுமில்லை, கையில் வேறு சரக்கு இல்லை என்பதுதான் என் கணிப்பு. டேட்டன் ரைட் சகோதரர்களின் சொந்த ஊர், ஆனால் ஹாலிவுட் நட்சத்திரம் யாரும் விமானம் ஏறி வந்து இறங்குகிற ஊர் இல்லை. எதிரே மற்ற சேனல்களில் கண்ணீர்த் தொடர்கள் ஓடின. ‘லெட்ஸ் மேக் எ டீல்’ போன்ற விளையாட்டு நிகழ்ச்சிகளில் விதவிதமாக வேடம் கட்டி வந்தவர்கள் பரிசுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். டானஹ்யூவிடம் இசைக்குழு இல்லை, பரிசு இல்லை, பிரபலங்களும் இல்லை. இரண்டு நாற்காலிகளை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்தை ஓட்ட வேண்டும் என்றால், அந்த நாற்காலியில் வந்து உட்காரும் விஷயம் பார்ப்பவர்களை எழுந்து போகவிடாததாக இருக்க வேண்டும்.

அந்தப் பாடத்தை அவர் வானொலியில் ஏற்கெனவே படித்திருந்தார். அதே ஊரில் டபிள்யூ.எச்.ஐ.ஓ. நிலையத்தில் ‘கான்வர்சேஷன் பீஸ்’ என்ற தொலைபேசி உரையாடல் நிகழ்ச்சியை நான்கு ஆண்டுகள் நடத்தியவர் அவர். பகல் வேளையில் வீட்டு வேலைக்கு நடுவே போன் செய்த பெண்கள் சமையல் குறிப்பு கேட்கவில்லை. அரசியல், மதம், பிரசவம், பணம் என்று எதைப் பற்றியும் கேட்டார்கள், பதிலுக்குப் பதில் வாதாடினார்கள். இல்லத்தரசி என்றால் சோப்புத் தூள் வாங்குபவர் என்று மட்டுமே கணக்குப் போட்டிருந்த தொலைக்காட்சி முதலாளிகளுக்கு இது தெரியாது. டானஹ்யூவுக்குத் தெரிந்திருந்தது. மற்றதையெல்லாம் தற்செயல் என்று தள்ளினாலும் இதை அவர் கணக்கில்தான் எழுத வேண்டும்.

முதல் வாரத்துக்கு வருவோம். திங்கள்கிழமை நாத்திகம். செவ்வாய்க்கிழமை மணமாகாத ஆண்கள் வந்து, தங்களுக்கு எப்படிப்பட்ட பெண் பிடிக்கும் என்று பேசினார்கள். புதன்கிழமை ஒரு குழந்தை பிறக்கும் காட்சி படமாகக் காட்டப்பட்டது. மறுநாள் பேச்சு சாவைப் பற்றி, ஈமச்சடங்குத் தொழிலைப் பற்றி. பிறப்புக்கும் சாவுக்கும் நடுவே அவர் விட்ட இடைவெளி இருபத்துநான்கு மணி நேரம்!

வெள்ளிக்கிழமை அவர் கையில் ஒரு பொம்மை. ‘லிட்டில் பிரதர்’ என்று பெயர். ஆண் குழந்தைக்கு உடலில் இருக்க வேண்டியதெல்லாம் அந்தப் பொம்மைக்கும் இருந்தது. இதைக் குழந்தைகள் கையில் கொடுக்கலாமா, கூடாதா, போன் செய்து சொல்லுங்கள் என்றார். வந்து குவிந்த அழைப்புகளில் ஊரின் தொலைபேசி இணைப்பகமே திணறிப்போனது. நிலையத்தில் யாருக்கும் அதற்குப் பிறகு சந்தேகம் இருந்திருக்காது.

ஆனாலும் அந்த நிகழ்ச்சியை வரலாற்றில் ஏற்றிய கண்டுபிடிப்பு பொம்மையும் அல்ல, ஓ’ஹேரும் அல்ல.

விளம்பர இடைவேளைகளில் விருந்தினரைப் பார்த்துப் பார்வையாளர்கள் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். வேண்டா விருந்தாளிகளாக உள்ளே வந்த அதே பார்வையாளர்கள்தான். கேமரா ஓடாத அந்த இரண்டு நிமிடங்களில் வந்த கேள்விகள், கேமரா ஓடும்போது தான் கேட்டவற்றைவிடக் கூர்மையாக இருப்பதை டானஹ்யூ கவனித்தார். எத்தனையோ தொகுப்பாளர்கள் அந்த இடைவேளையில் முகப்பூச்சைச் சரிசெய்துகொண்டு அடுத்த கேள்வியைப் புரட்டியிருப்பார்கள். இவர் ஒரு நாள் நாற்காலியிலிருந்து எழுந்து, மைக்கைத் தூக்கிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். கேட்கிற உரிமை மேடையிலிருந்து இறங்கிய நாள் அது.

அன்று தொடங்கிய நடை பிறகு ஓட்டமானது. நரைத்த தலைமுடி குலுங்க, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாய்ந்து, கை உயர்த்திய பெண்ணின் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவார். அவர் பேசிமுடிக்குமுன் திரும்பித் தொலைபேசி நேயரை விசாரிப்பார்: “அழைத்தவர் லைனில் இருக்கிறீர்களா?” இது அவருடைய முத்திரை வாக்கியமே ஆனது. 2024 ஆகஸ்ட் 18 அன்று தமது 88-வது வயதில் அவர் மறைந்த செய்தி வந்தபோது, பலருக்கு முதலில் நினைவுக்கு வந்திருக்கக்கூடியது இந்த ஓட்டம்தான். அதே ஆண்டு மே மாதம்தான் அதிபர் ஜோ பைடனிடமிருந்து சுதந்திரத்துக்கான அதிபர் பதக்கத்தைப் பெற்றிருந்தார்.

அவரை மகானாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒரு கட்டத்தில் ரேட்டிங்குக்காகப் பாவாடை கட்டிக்கொண்டு கேமரா முன்னால் நின்றவரும் இதே டானஹ்யூதான். அந்த வழியில் பின்னால் வந்த கூச்சல் நிகழ்ச்சிகளின் பாவத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்ற வழக்கைத் தனியாக விசாரிப்போம்.

இப்போது கொஞ்சம் வேகமாகப் போகலாம். உள்ளூர் நிகழ்ச்சி சில ஆண்டுகளில் நாடெங்கும் பல நிலையங்களில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. 1974-ல் டேட்டனை விட்டு சிகாகோவுக்குக் குடிபெயர்ந்தது. பெயரும் சுருங்கி வெறும் ‘டானஹ்யூ’ ஆனது. 1977-ல் விருந்தினராக வந்த நடிகை மார்லோ தாமஸை 1980-ல் மணந்துகொண்டார். எமி விருதுகள் வரிசையாக வந்தன. பகல் நேரத்தில் அவரை அசைக்க ஆளில்லை என்று தொழிலில் இருந்தவர்கள் நம்பினார்கள்.

1984 ஜனவரியில் சிகாகோவின் இன்னொரு நிலையத்தில், ரேட்டிங்கில் நொண்டிக்கொண்டிருந்த ‘ஏ.எம். சிகாகோ’ என்ற காலை நிகழ்ச்சியை, பால்டிமோரிலிருந்து வந்த 29 வயதுப் பெண் ஒருவரிடம் ஒப்படைத்தார்கள். ஒரே மாதம். டானஹ்யூவின் சொந்தக் கோட்டையான சிகாகோவிலேயே அந்தப் பெண் அவரை முந்திவிட்டார்! பெயர், ஓப்ரா வின்ஃப்ரே. டானஹ்யூ இல்லாவிட்டால் தன் நிகழ்ச்சியே இருந்திருக்காது என்று பின்னாளில் சொன்னவரும் அவர்தான். அந்தக் கதைக்கு வரும் வாரங்களில் நிறைய இடம் இருக்கிறது.

1985 ஜனவரியில் டானஹ்யூ சிகாகோவைக் காலி செய்து நியூயார்க் போனார். ராக்ஃபெல்லர் சென்டரில் என்.பி.சி.யின் கட்டடம். புது ஊர், புது ஸ்டுடியோ, நேரடி ஒளிபரப்பு. மாநகரத்துப் பத்திரிகைகள் இந்த மத்திய மேற்குக்காரர் இங்கே தாக்குப்பிடிப்பாரா என்று பார்த்துக்கொண்டிருந்த நேரம்.

ஜனவரி 21. ஓரினச்சேர்க்கையாளர்களான முதியவர்களைப் பற்றிய நிகழ்ச்சி. டானஹ்யூ வழக்கம்போல மைக்கோடு வரிசைகளுக்கு நடுவே. பார்வையாளர் பகுதியில் ஒருவர் திடீரென மயங்கிச் சரிந்தார். ஓடிப்போய்த் தூக்கினார்கள். ஸ்டுடியோ விளக்குகளின் சூடாக இருக்கலாம் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும்போதே இன்னொருவர் விழுந்தார். பிறகு மூன்றாமவர். நாலாவது, ஐந்தாவது... மொத்தம் ஏழு பேர். நியூயார்க்கிலும் வேறு சில நகரங்களிலும் நேரடியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். காற்றில் ஏதாவது கலந்துவிட்டதா, யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா என்று எவருக்கும் புரியவில்லை. கடைசியில் பார்வையாளர்கள் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, காலி நாற்காலிகளுக்கு முன்னால் நின்று நிகழ்ச்சியை முடிக்கவேண்டியதாயிற்று.

வெளியே கொண்டுபோன ஏழு பேருக்கும் நோய் ஒன்றும் இல்லை. ஆனால் அவர்களுக்குள் ஒரு தொடர்பு இருந்தது. அந்தத் தொடர்பின் மறுமுனையில் இருந்தவர், அமெரிக்கப் பத்திரிகைகள் ஏற்கெனவே நன்றாக அறிந்திருந்த ஓர் ஆசாமி.

யார் அவர்? டானஹ்யூமேல் அவருக்கு என்ன கோபம்?

(தொடரும்)