ஒர்க் அவுட் நேரத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்? எடை மெஷின் சொல்லும் கணக்கு!

மெரினாவில் காலையில் ஓடி முடித்தவர்களைப் பாருங்கள். டி-ஷர்ட்டைப் பிழிந்தால் தண்ணீர் கொட்டும். கடற்கரைக் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை சீக்கிரம் ஆவியாகாது, உடலும் குளிராது. அதனால் இன்னும் வியர்க்கும். சரி, அப்போ எவ்வளவு தண்ணி குடிக்கணும்?

அது ஆளுக்கு ஆள் மாறும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள் (நனைந்த டிரெஸ்ஸோடு ஏறினால் கணக்கு தப்பிடும்!). 60 கிலோ இருந்தவர் 59.2 ஆகியிருந்தால், குறைந்தது கொழுப்பு இல்லை பாஸ்... சுமார் 800 மி.லி தண்ணீர். நடுவில் குடித்ததையும் இதோடு கூட்டினால், அதுதான் உங்கள் வியர்வை அளவு. எடையில் 2 சதவிகிதத்துக்கு மேல் குறைய விடாதீர்கள்.

எடை கூடியிருந்தால்? அதுதான் வில்லங்கம். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, வாந்தி, குழப்பம் எனத் தொடங்கி, முற்றினால் மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில், 13 சதவிகிதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. ஓடும்போது எடை கூடியவர்களுக்கே இந்தச் சிக்கல் அதிகம்.

ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு, தாகத்துக்கேற்ப வெறும் தண்ணீரே போதும். ஸ்போர்ட்ஸ் டிரிங்க் எல்லாம் தண்டச் செலவு. அதற்கு மேல் நீண்டால் உப்பு போட்ட மோர் பெஸ்ட். இளநீர் நல்லதுதான். ஆனால், அதில் பொட்டாசியம்தான் அதிகம். வியர்வையில் பெரும்பாலும் போவது சோடியம். சிறுநீரகம், இதயப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு அளவை முடிவு செய்யுங்கள்.