ஆயிரம் தீனாருக்கு ஒரு ரொட்டி

பஞ்சம் என்றவுடன் நம் கண்கள் வானத்தையே நோக்குகின்றன. மழை பொய்த்தது, ஆறு வற்றியது, விளைச்சல் குன்றியது என்கிறோம். இறைவனின் நாட்டம் என்று பெருமூச்செறிந்து அமைகிறோம். கழா கத்ரை நம்புவது நம் ஈமானின் பகுதி; அதில் ஐயமில்லை. ஆயின், மனிதன் பூட்டிவைத்த கிடங்கின் பழியையும் அந்நாட்டத்தின்மீதே சுமத்துவது முறையாகுமா? இவ்வினாவை அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே எழுப்பி விடையும் கண்ட ஓர் ஆலிமை ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

அவர்தாம் தகிய்யுத்தீன் அல்மக்ரீஸீ. கி.பி. 1364இல் கெய்ரோவில் பிறந்து 1442இல் மறைந்தவர். வரலாற்று மேதை இப்னு கல்தூனின் மாணாக்கர். ஹிஜ்ரி 801இல் (கி.பி. 1399) கெய்ரோவின் முஹ்தஸிபாக அமர்ந்தார். கடைவீதியில் அளவையும் நிறையையும் சரிபார்ப்பதும், கலப்படத்தைத் தடுப்பதும், விலைவாசியைக் கண்காணிப்பதும் அப்பதவியின் கடமைகள். ஆதலால் பசியை ஏட்டில் மட்டும் கண்டவரல்லர் அவர். தராசின் அருகே நின்று கண்டவர்.

ஹிஜ்ரி 806இல் நைல் நதி போதிய அளவு பெருகவில்லை. பஞ்சமும் நோயும் சேர்ந்து எகிப்தை வாட்டின. இத்தகைய துன்பம் முன்னெப்போதும் நேர்ந்ததில்லை, இனி நீங்கப்போவதுமில்லை என்று மக்கள் மனமுடைந்தனர். அவர்களுக்கு விடையாக ஹிஜ்ரி 808 முஹர்ரம் மாதத்தில் (கி.பி. 1405) மக்ரீஸீ ஒரு சிறு நூலை யாத்தார். ‘இகாஸத்துல் உம்மா பி கஷ்ஃபில் கும்மா’ என்பது அதன் பெயர். துயரின் மூலத்தை வெளிப்படுத்திச் சமுதாயத்துக்கு உதவுதல் என்பது பொருள். ஒரே இரவில் அதனை ஒழுங்குசெய்து முடித்ததாக அவரே குறிப்பிடுகின்றார்.

எகிப்து முன்னர்க் கண்ட பஞ்சங்களை அந்நூல் வரிசையாக எடுத்துரைக்கின்றது. அவற்றுள் கொடியது ஃபாத்திமீ கலீபா அல்முஸ்தன்ஸிர் காலத்தில், கி.பி. 1065 முதல் 1072 வரை நீடித்த ஏழாண்டுப் பஞ்சம். செல்வக் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஆயிரம் தீனார் மதிப்புள்ள கழுத்தணியை விற்று ஒரு மூட்டை மாவு வாங்கினாள். வழியில் பசித்த கூட்டம் அதனைச் சூறையாடிற்று. எஞ்சிய பிடி மாவில் ஒரு ரொட்டி சுட்டு, உயர்ந்த இடத்தில் ஏறி நின்று அதனைத் தூக்கிக் காட்டினாள். கலீபாவின் ஆட்சிச் சிறப்பால் ஆயிரம் தீனாருக்கு இந்த ரொட்டி கிட்டியது என ஊரறிய முழங்கினாள்.

கலீபா வெகுண்டு நகர ஆளுநரை அச்சுறுத்தினார். ஆளுநரோ, மரணதண்டனைக்குரிய கைதிகள் சிலருக்கு வணிகர் உடையணிவித்து, தானிய வணிகர்களின் கண்முன்னே சிரச்சேதம் செய்வித்தார். பதுக்கியோர் தலைகளே அவை என்று நம்பிய வணிகர்கள் நடுநடுங்கித் தம் கிடங்குகளைத் திறக்க, ரொட்டி விலை இறங்கிற்று. அவ்வாளுநரின் கொடுஞ்செயலை நாம் ஏற்கவில்லை. ஆனால் அந்நிகழ்ச்சி புலப்படுத்தும் உண்மையை மறுக்கவும் இயலவில்லை: அன்றும் நகரில் தானியம் இருந்தது!

தம் காலத்துப் பஞ்சத்துக்கு மக்ரீஸீ மூன்று காரணங்களைச் சுட்டுகின்றார். முதலாவது, இலஞ்சம் கொடுத்துப் பதவி பெறுதல். கடன்பட்டுப் பதவி வாங்கியவன் அக்கடனைக் கீழுள்ளோரிடம் கறக்கின்றான். அச்சுமை படிப்படியாக இறங்கி உழவனின் தலையில் வீழ்கின்றது. அவனோ நிலத்தைக் கைவிட்டு ஓடுகின்றான். இரண்டாவது, ஆண்டுதோறும் உயர்த்தப்பட்ட நிலக் குத்தகை. மூன்றாவது, வெள்ளி நாணயம் மறைந்து, அளவின்றி அடிக்கப்பட்ட செப்புக்காசுகள் பெருகியமை.

மக்களை ஏழு வகுப்பினராகவும் அவர் பிரிக்கின்றார். ஆள்வோர் முதலிடத்திலும் இரந்துண்போர் ஏழாமிடத்திலும் நிற்க, மார்க்க அறிஞரும் மாணவரும் ஐந்தாம் வகுப்பில் இடம்பெறுகின்றனர். அவர்களுடைய ஊதியத்தின் எண்ணிக்கை மாறவில்லை. காசின் மதிப்போ சரிந்துவிட்டது. இப்பகுதியைப் படிக்குந்தோறும் நம் ஊர்களின் இமாம்களும் முதர்ரிஸ்களும் நம் நினைவில் எழுகின்றனர். நாமும் அவ்வகுப்பினரே அன்றோ!

மக்ரீஸீ கண்ட உண்மை எகிப்துக்கு மட்டும் உரியதன்று. நம் முன்னோர் தாது வருஷப் பஞ்சம் என்று அஞ்சிப் பேசிய 1876-78ஆம் ஆண்டுப் பஞ்சத்தை எண்ணிப் பார்ப்போம். பருவமழை தவறியது மெய். எனினும், தனியார் வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பதே ஆங்கில ஆட்சியின் கொள்கையாயிருந்தது. கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. 1877 ஜனவரி முதல் நாளில் விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்க டில்லியில் பெருவிழா நடந்தது. அதே மாதத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்த ஆண்மகனின் கூலியை நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்தார். இது உயிர்வாழப் போதாதென மதராஸ் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். தென்னாட்டிலும் தக்காணத்திலுமாக மாண்டோர் ஐம்பது இலட்சத்துக்கும் மேல் என்பர்.

1943இல் வங்கத்தில் ஏறத்தாழ முப்பது இலட்சம் பேர் மடிந்தனர். அங்கும் உணவு அடியோடு அற்றுப்போகவில்லை. போர்க்கால விலையேற்றத்தில் கூலியாளரின் வாங்கும் ஆற்றலே அற்றுப்போயிற்று. இதனை அறிஞர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஐக்கிய நாட்டு நிறுவனங்களின் கணக்குப்படி 2024ஆம் ஆண்டில் உலகில் சுமார் 67 கோடி மக்கள் பசியால் வாடினர். அனைவர்க்கும் போதுமான உணவு விளையும் உலகிலேதான் இந்நிலை!

ஹிஜ்ரி 18இல் அரபகத்தைச் சாம்பல் ஆண்டுப் பஞ்சம் பீடித்தபோது, கலீபா உமர் (ரலி) அவர்கள் ஷாமிலிருந்து உணவு வருவித்தார்கள். ஜகாத் வசூலை ஒத்திவைத்தார்கள். மக்களின் துன்பம் தீரும்வரை நெய்யையும் இறைச்சியையும் தாமே விலக்கினார்கள். மழை அன்றும் பெய்யவில்லை. ஆட்சியாளரின் நெஞ்சம் வறளாதிருந்தது.

ரமளானில் வாயிலுக்கு வரும் மிஸ்கீன்களுக்குச் சில்லறை வழங்குகிறோம். நோன்புக் கஞ்சி காய்ச்சுகிறோம். நற்செயல்களே. ஆனால் வணிகம் நம்மவருள் பலரின் பரம்பரைத் தொழில். இஹ்திகார் எனும் பதுக்கலை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாவமெனக் கண்டித்துள்ளார்கள். விலையேற்றத்தை எதிர்நோக்கிப் பதினொரு திங்கள் மூட்டையைப் பூட்டிவைத்து, பன்னிரண்டாம் திங்களில் அதே மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி ஈவது ஈகையாகுமா? கஞ்சிக் கலயத்தை ஏந்துமுன் நம் கிடங்கின் கதவை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.