கற்கண்டும் கொல்லிமலை பாக்சைட்டும்

மேட்டூர்னா எல்லாருக்கும் அணை. எனக்கு அங்கே 1965ல் உற்பத்தி ஆரம்பிச்ச அலுமினிய ஆலை. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டின பாக்சைட் அங்கேதான் போச்சு. அலுமினா எடுத்தபிறகு மிஞ்சுற செஞ்சேற்றில் இரும்போட கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடும் இருக்கும். குப்பையோட ஒதுங்கிப்போன அதுதான் இந்தக் கதையின் நாயகன். (வெள்ளை பெயிண்ட்டுக்கு வெள்ளை தர்றதும் இதேதான்.)

டோக்கியோவில் ஃபுஜிஷிமாவும் அவருடைய ஆசிரியர் ஹோண்டாவும் இந்த ஆக்சைடு மின்முனை மேல ஒளி பட்டா தண்ணீர் ஹைட்ரஜனாவும் ஆக்சிஜனாவும் பிரியுதுன்னு 1972ல் வெளியிட்டாங்க. ஒளி பட்டதும் ஒரு எலக்ட்ரான் கிளம்பும், அது இருந்த இடம் காலியாகும். ரெண்டும் திரும்பச் சேர்ந்துட்டா வெறும் சூடுதான் மிச்சம். அதைத் தடுக்கிறதுதான் தலைவலி.

இங்கேதான் படிக முகம் வருது. இந்த ஆக்சைடோட ஒரு வகை அனட்டேஸ். ரெண்டு பிரமிடை அடியோட அடி ஒட்டி, நுனிகளைச் சீவின மாதிரி இருக்கும். 2002ல் ஓனோ குழு அதுமேல ஒளி காட்டி பிளாட்டினமும் ஈய ஆக்சைடும் படிய விட்டாங்க. பிளாட்டினம் சாய்ந்த முகத்தில், ஈய ஆக்சைடு தட்டை முகத்தில்! எலக்ட்ரான் ஒரு பக்கம், காலியிடம் இன்னொரு பக்கம்.

அப்போ தட்டை முகத்தைப் பெருசாக்கலாமே? ஆக்க முடியல. கற்கண்டு வளர்றதைப் பார்த்திருப்பீங்க. எந்த முகம் வேகமா வளருதோ அதுதான் முதல்ல காணாமப் போகும், மெதுவா வளர்றது நிலைக்கும். தட்டை முகம் அவசரக்குடுக்கை. 2008ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் லூ குழு ஃப்ளோரினைப் பூசி அதை அடக்கினாங்க. மொத்தப் பரப்பில் 47% தட்டை முகம்! உலகமே அது பின்னாடி ஓடிச்சு.

அதே லூ பங்கெடுத்த 2011 ஆய்வு கதையை மாத்திடுச்சு. ஃப்ளோரினைச் சுத்தமா நீக்கி அளந்தா செங்குத்து முகம் முதல், சாய்ந்தது அடுத்து, தட்டை முகம் கடைசி. தன் கொண்டாட்டத்தைத் தானே திருத்தின அந்த நேர்மைக்கு ஒரு சல்யூட்.

'எந்த முகம் பெருசு'ங்கிறதைவிட 'எந்த முகத்துக்கு என்ன வேலை'ங்கிறது பலன் கொடுத்துச்சு. 2020ல் ஜப்பானில் டோமென் குழு ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் படிகத்தில் ஹைட்ரஜன் வினையூக்கியை ஒரு முகத்திலும் ஆக்சிஜனுக்கானதை மறுமுகத்திலும் வெச்சாங்க. புற ஊதா ஒளியில் கிட்டத்தட்ட 96% திறன். ஆனா வெயிலில் புற ஊதா சொற்பம். 2021ல் அவங்க 100 சதுர மீட்டருக்கு விரிச்ச பலகைகள் வெயிலில் தந்தது அதிகபட்சம் 0.76%தான். நாமக்கல் வெயிலில் வெச்சாலும் அந்தக் கணக்கு பெருசா மாறாது :-)