குழாய் தெரியாது, வரத்து தெரியும்: கல்லீரல் புற்றின் குருதிக்குழாய்ப் பெருக்கமும் சி.டி. ஸ்கேனும்

புற்றுக்கட்டியில் புதிதாக முளைக்கும் இரத்தக்குழாய்களை சி.டி. படத்தில் 'பார்த்ததாக' ஆய்வேடுகள் தாராளமாக எழுதுகின்றன. யாரும் பார்த்ததில்லை. மருத்துவமனைக் கருவி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். தந்துகியின் விட்டமோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர்தான். கருவி அளப்பது, கைச்சிரையில் ஏற்றிய அயோடின் மருந்து எந்த நொடியில் கட்டிக்குள் வந்தது, எவ்வளவு வந்தது, எப்போது வடிந்தது என்பதை. திசுவில் அயோடின் கூடினால், படத்தின் வெளுப்பைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணும் அதே விகிதத்தில் ஏறும். ஆக, நம் கையில் கிடைப்பது வரத்துக் கணக்கு. இதை ஒப்புக்கொண்டால் வடசென்னை அரசு மருத்துவமனையிலேயே, இப்போதுள்ள கருவியைக் கொண்டே, குருதிக்குழாய்ப் பெருக்கத்தை ஆராயலாம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

புதிய இரத்தக்குழாய் இல்லாமல் கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்று ஜூடா ஃபோக்மன் எழுதியது 1971-இல். ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவியில் முதல் நோயாளி படுத்ததும் அதே ஆண்டுதான். இருந்தும் இரத்த ஓட்டத்தை வண்ணப்படமாகத் தரும் பெர்ஃபியூஷன் சி.டி.யை மைல்ஸ் குழு வெளியிட 1991 ஆயிற்று. ஒரே இடத்தை அடுத்தடுத்துப் பலமுறை படமெடுத்து, 100 கிராம் திசுவுக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் இரத்தம் பாய்கிறது என்று கணக்கிடும் முறை அது. அழகான முறைதான். ஆனால் கதிர்வீச்சு கூடும், மூச்சோடு கல்லீரல் நகரும், மென்பொருள் மாறினால் எண்ணும் மாறும்.

கல்லீரல் நமக்கு வேறொரு வழி வைத்திருக்கிறது. இயல்பான கல்லீரலுக்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. முற்றிய கல்லீரல் செல் புற்றோ பெரும்பாலும் தமனியையே நம்பியிருக்கிறது. எனவே ஊசி போட்ட சுமார் 35-ஆவது நொடியில், அதாவது தமனிக் கட்டத்தில், கட்டி சுற்றியுள்ள திசுவைவிட வெளுத்துத் தெரியும். 70-ஆவது நொடியிலோ அதற்குப் பிறகோ மங்கும். எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு மக்களுக்குக் கைக்கெட்டும் பெரிய ஆஸ்பத்திரி ஸ்டான்லி. கல்லீரல் மாற்று அறுவை வரை நடக்கும் அத்தகைய இடத்தில் 'ட்ரிபிள் ஃபேஸ்' சி.டி. அன்றாட வேலை. கிரியேட்டினின் பார்த்து, முழங்கை மடிப்பில் ஊசிக்குழாய் (வென்ஃப்ளான்) போட்டு, "உடம்பெல்லாம் சூடாகும், பயப்படாதீங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்லி எடுக்கும் படம்தான். குருதிக்குழாய்ப் பெருக்கத்தின் பதிவு அதிலேயே இருக்கிறது. கட்டியின் நீளத்தை மட்டும் குறித்துக்கொண்டு மீதியை விட்டுவிடுவது வீண்.

நீளம் ஏன் போதாது என்பதற்கு சோராஃபெனிப் சான்று. குழாய் வளர்ச்சியைத் தூண்டும் வி.இ.ஜி.எஃப். ஏற்பிகளைத் தடுக்கும் இம்மருந்து, 2008-இல் வெளியான ஷார்ப் ஆய்வில் இடைநிலை (மீடியன்) ஆயுளை 7.9 மாதத்திலிருந்து 10.7 மாதமாக்கியது. ஆனால் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 2 விழுக்காட்டினருக்கே. நீள அளவையை நம்பியிருந்தால் மருந்து தோற்றது என்றே எழுதியிருப்போம். 2010-இல் வந்த திருத்திய அளவுகோல், தமனிக் கட்டத்தில் வெளுக்கும் பகுதியை மட்டும் அளக்கச் சொன்னது இதனால்தான். இம்மருந்துக்குச் சென்னைத் தொடர்பும் உண்டு: மாதம் சுமார் 2.8 லட்சம் ரூபாய் விலையை ஒன்பதாயிரத்துக்குள் இறக்கிய இந்தியாவின் முதல் கட்டாய உரிமத்தை (2012) மறுஆண்டு உறுதிசெய்த அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கு, அது 2021-இல் கலைக்கப்படும்வரை, தலைமையிடமாக இருந்தது இந்நகரம்தான். மருந்து எளியவருக்கு எட்டியது. அது வேலை செய்கிறதா என்று அளக்கும் முறையும் எட்ட வேண்டாமா?

இதற்கொரு வலுவான மறுப்பு உண்டு. புற்றின் குழாய்கள் கோணலானவை, கசிபவை. தடுப்பு மருந்து அவற்றை முதலில் ஒழுங்குபடுத்துகிறது என்பது ராகேஷ் ஜெயினின் வாதம். அப்படியானால் குழாய் குறைந்தபோதும் ஓட்டம் சிலகாலம் கூடலாம். தொடக்கநிலைக் கல்லீரல் புற்று தமனிக் கட்டத்தில் வெளுக்காமலும் போகலாம். மறுப்பு சரியே. அதனால் ஒற்றைப் படத்தை வைத்துத் தீர்ப்பெழுதக் கூடாது என்றாகுமே தவிர, அளவையே கூடாது என்றாகாது.

ஆலைப்புகைக்கு நடுவே வாழும் எண்ணூரிலிருந்து வருபவர் கேட்பது வேறு கேள்வி: "இது புகையாலயா டாக்டர்?" கட்டி எப்படித் தீனி பெறுகிறது என்றுதான் ஸ்கேன் சொல்லும், எதனால் வந்தது என்று சொல்லாது. வெளிக்காற்று மாசு புற்றுக்காரணி என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2013-இல் அறிவித்தது நுரையீரல் புற்றுச் சான்றுகளை வைத்து. கல்லீரலுக்கு முதலில் தேட வேண்டியவை மஞ்சள் காமாலை வைரஸ், மது, சர்க்கரை நோயோடு வரும் கொழுப்பு. காரணத்தைத் தேடுபவர் போகவேண்டிய இடம் பதிவேடு. அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1981-இல் தொடங்கிய பதிவேடு சென்னை நகருக்கானது. எண்ணூரை உள்ளடக்கிய கத்திவாக்கமும் திருவொற்றியூரும் மாநகராட்சியில் சேர்ந்ததோ 2011-இல்தான்; அதற்கு முந்தைய எண்ணூர்க் கணக்கை அதில் எதிர்பார்க்க முடியாது.

நடைமுறையில் வேண்டியது சிறிய ஒழுங்கு. ஒவ்வொரு அறிக்கையிலும் ஊசியின் அளவும் வேகமும், படமெடுத்த நொடியும், பெருந்தமனி, கட்டி, அருகிலுள்ள கல்லீரல் மூன்றின் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களும் எழுதப்பட வேண்டும். இதயம் தளர்ந்தவருக்கு அயோடின் தாமதமாக வரும். பெருந்தமனி எண்ணோடு ஒப்பிடாமல் கட்டியின் எண்ணை மட்டும் சொல்வது பயனற்றது. இரண்டாம் ஸ்கேன் வேறு நேரக் கணக்கில் எடுக்கப்பட்டிருந்தால், இரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டை மருந்தின் கணக்கில் எழுதக் கூடாது.