தாய்ப் பிரதி கேட்ட கருவி

பத்துப்பாட்டுக்கு ஏடு தேடி உ.வே. சாமிநாதையர் இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஆழ்வார்திருநகரிக்குப் போனார். கவிராயர்கள் வீட்டு ஏடுகளைப் புரட்டினார். 1889இல் நூல் வெளிவந்தது. ஓர் ஏட்டில் ஒரு பாடம், இன்னொன்றில் வேறு பாடம். இரண்டுக்கும் மூலமான தாய் ஏடு கையில் இல்லை. எது எழுதியவர் கைப்பிழை என்பதைப் பொருளையும் யாப்பையும் கொண்டுதான் அவர் தீர்மானிக்க வேண்டியிருந்தது.

மென்பொருள்காரர்களுக்கும் இதே சிக்கல் வந்தது. 1974இல் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மக்கில்ராய் எழுதிய ‘டிஃப்’ இரண்டு கோப்புகளை வரிவரியாக ஒப்பிட்டது. ஒரே கோப்பை இருவர் தனித்தனியே திருத்தியிருக்க, ஒன்றில் இருக்கும் வரி மற்றதில் இல்லையா? இவர் சேர்த்தாரா, அவர் நீக்கினாரா? இரண்டை மட்டும் பார்த்து அதைச் சொல்லவே முடியாது. 1979இல் ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இருந்த ‘டிஃப்3’ மூன்று கோப்புகளை வாங்கிக்கொண்டது. இருவரும் திருத்தத் தொடங்கிய பழைய பிரதியும் அதில் ஒன்றானால் குழப்பம் தீர்ந்தது. பழையதில் அந்த வரி இருந்தால் நீக்கம், இல்லாவிட்டால் சேர்க்கை. இந்தத் துறையின் மிக அழகான யோசனை இதுதான் என்பேன். 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் வால்டர் டிச்சி உருவாக்கிய ஆர்.சி.எஸ். என்ற கருவி பழைய பிரதிகளையெல்லாம் பத்திரப்படுத்திக் கொடுத்தது.

இருவரின் திருத்தங்களையும் ஒரே கோப்பாக இணைக்கும்போது வரிகள் மோதாவிட்டால் போதுமா? தூத்துக்குடித் துறைமுகத்துக்கு ஒரு மென்பொருள் மாதிரி வரைகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கப்பல், தளம், இழுவைக் கப்பல் ஆகியவை கட்டங்கள். அவற்றின் உறவுகள் அம்புக்குறிகள். யாரும் பயன்படுத்தவில்லையே என்று ஒருவர் ‘இழுவைக் கப்பல்’ கட்டத்தை நீக்குகிறார். அதே நாளில் இன்னொருவர், பெரிய சரக்குக் கப்பல் தளத்துக்கு வர இழுவை வேண்டும் என்று அந்தக் கட்டத்துக்கு ஓர் அம்பு போடுகிறார். தனித்தனியே இருவரும் செய்தது சரி. கோப்பில் இரண்டும் வேறு வேறு வரிகள். கருவி சத்தமில்லாமல் சேர்த்துவிடும். அம்பு மட்டும் இல்லாத கட்டத்தை நோக்கி நிற்கும்.

நிரல்களில் வரியை விட்டுப் பொருளைப் பார்த்து இணைக்கும் வழியை 1989இல் சூசன் ஹார்விட்ஸ், ஜான் பிரின்ஸ், தாமஸ் ரெப்ஸ் மூவரும் எழுதினார்கள். 1991இல் பெர்ன்ஹார்ட் வெஸ்ட்ஃபெக்டெல் ஆவணத்தின் கட்டமைப்பையே அலகாக எடுத்தார். இன்று எக்லிப்ஸ் மென்பொருள் திட்டத்தின் ஈ.எம்.எஃப். கம்பேர் என்ற கருவி கட்டங்களை, அடையாள எண் இருந்தால் அதைக் கொண்டு பொருத்தி, தாய்ப் பிரதியோடு ஒப்பிடுகிறது. ஒருவர் நீக்கியதை மற்றவர் பயன்படுத்தியிருந்தால் அதை மோதல் என்று காட்டுகிறது. இழுவைக் கப்பல் வேண்டுமா என்பதை அந்த இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.