ராத்திரி அழும் நாய்க்குட்டி: வாசலில் படுத்த நாய் வீட்டுக்குள் வந்த கதை

தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் அடுக்குமாடி வீடுகள் கூடக் கூட சின்ன ஜாதி நாய்க்குட்டிகளும் கூடிக்கிட்டே வருது. பொமரேனியன், பக், ஷிட்ஸு. வாங்கின முதல் வாரத்துல எல்லாரும் கேக்குறது ரெண்டே கேள்விதான். "ராத்திரி பூரா ஏன் கத்துது?" "வீட்டுக்குள்ள ஒண்ணுக்கு போறதை எப்போ நிறுத்தும்?"

நம்ம தாத்தா பாட்டி காலத்திலும் நாய் வளர்த்தார்கள். ஆனா இந்த ரெண்டு கேள்வியும் அவர்களுக்கு வந்ததாகத் தெரியவில்லை. ஏன்? இதைத் தேடப் போனபோது, பழக்கம் சொல்லிக் கொடுக்கும் முறையை விட ஒரு வரலாறுதான் அதிகம் கிடைத்தது. அந்த வரலாறு தெரிஞ்சா முறையும் தானா புரியும் என்பதால் இந்தப் பதிவு.

மணி படுத்த இடம்

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற நாய் இனங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி. நாலுமே வேட்டைக்கும் காவலுக்கும் வளர்ந்தவை. 2005இல் இந்தியத் தபால்துறை வெளியிட்ட நாய் தபால்தலைகளில் ராஜபாளையமும் ஒன்று. இந்தப் பட்டியலில் மடியில் வைத்துக் கொஞ்சுகிற சைஸில் ஒரு நாய்கூட இல்லை.

இவை படுத்த இடம் வாசல், திண்ணை, தோட்டம், தொழுவம். ஜாதி பெயர் இல்லாத தெரு நாய்க்கும் அதேதான். மணி என்றோ டாமி என்றோ பெயர் இருக்கும், மிச்ச சோறு கிடைக்கும், ஆனா நிலைப்படி தாண்டாது. காசிமேடு, எண்ணூர் மாதிரி மீனவக் குப்பங்களில் படகு நிழலும் மணலும்தான் நாயின் வீடு.

அங்கே குட்டிகளுக்கு யாரும் டாய்லெட் பழக்கம் சொல்லித் தரவில்லை. சொல்லித் தந்தது தாயும் மணலும். பிறந்த குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கித் தூண்டிவிடும், வந்ததை அதுவே சுத்தம் செய்துவிடும். சுமார் மூணு வாரத்தில் குட்டி படுக்கையை விட்டுத் தள்ளிப்போய்க் கழிக்க ஆரம்பிக்கிறது. எட்டரை வாரம் வாக்கில் அதற்கென்று ஒரு இடத்தைத் தேடிப் போகிறது.

இதைப் பொறுமையாக உட்கார்ந்து பதிவு செய்தவர்கள் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள். மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் இருக்கும் ஜாக்சன் ஆய்வகத்தில் அஞ்சு ஜாதி நாய்களை வருடக்கணக்காகக் கவனித்து, 1965இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார்கள். அதிலிருந்து நமக்கு வேண்டியது ஒண்ணு: படுத்த இடத்தை அசிங்கம் பண்ணக்கூடாது என்ற எண்ணம் குட்டிக்குள் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதைக் கெடுக்காமல் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ராணியின் மடியில் சுருங்கிய நாய்

சரி, சின்ன நாய் எங்கிருந்து வந்தது? பொமரேனியன் முதலில் சின்ன நாயே இல்லை. பால்டிக் கடற்கரையில் இருக்கும் பொமரேனியா பகுதியின் பெயர் அது. 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரண்மனைக்குப் போன பொமரேனியன்கள் 13, 14 கிலோவோ அதற்கு மேலோ இருந்த நடுத்தர நாய்கள். 1888இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகருக்குப் போன விக்டோரியா ராணி, அங்கிருந்து மார்கோ என்ற நாயைக் கொண்டுவந்தார். அதன் எடை ஐந்தரை கிலோ அளவுதான். ராணி வைத்திருப்பதை ஊரே வைத்துக்கொள்ள ஆசைப்பட்டது. சின்னதிலும் சின்னதைத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். இன்றைக்குக் கண்காட்சித் தரப்படி ஒரு பொமரேனியன் மூணேகால் கிலோவைத் தாண்டக்கூடாது.

நம்ம ஊரில் 'பொமரேனியன்' என்று சொல்லி வளர்த்ததில் பெரும்பகுதி இந்தியன் ஸ்பிட்ஸ். ஒரே குடும்பம், கொஞ்சம் பெரிய உடம்பு, நம்ம வெயிலை ஓரளவு தாங்கும். 1994இல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' படத்தில் டஃபியாக வந்தது இந்த ஜாதிதான். 2003இல் ஹட்ச் விளம்பரம் வந்தது. ஒரு பையன் பின்னாடியே ஓடின பக் நாய்க்கு 'ஹட்ச் நாய்' என்றே பெயராகிவிட்டது.

உடம்பு சுருங்கியபோது மூத்திரப்பையும் சுருங்கியது. ரெண்டு மாசத்து ராஜபாளையம் குட்டி தாங்குகிற நேரம் ரெண்டு மாசத்து பொமரேனியன் குட்டி தாங்காது. சின்னக் குட்டிகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. ரொம்ப நேரம் வயிறு காலியாக இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். குட்டி சோர்ந்து தள்ளாடும், வலிப்புகூட வரலாம். 'ராத்திரி ஒண்ணுக்கு வராம இருக்க சாயங்காலத்தோட சாப்பாட்டை நிறுத்திடு' என்ற அறிவுரை இந்த ஜாதிகளுக்கு ஆகாதது அதனால்தான்.

மணல் போய் டைல்ஸ் வந்தது

1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைக்கப்பட்டது. குடிசைகள் இருந்த இடங்களில் மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூரில் மீனவர்களுக்கு அடுக்குக் குடியிருப்புகள் வந்தன. ராயபுரம் சந்துகளில் முற்றமும் கொல்லையும் இருந்த ஒண்டிக்குடித்தன வீடுகள் இடிபட்டு, ஸ்டில்ட் பார்க்கிங் வைத்த ஃபிளாட் ஆகின. மனுஷனுக்கு மாடி கிடைத்தது, நாய்க்கு மணல் போனது.

மூணாவது மாடியில் ஒரு குட்டியின் நிலைமையை நினைச்சுப் பாருங்க. ஹால், பெட்ரூம், கிச்சன் எல்லாம் ஒரே வழவழ டைல்ஸ். எது படுக்கை, எது வெளி என்று காலுக்குத் தெரியாது. தன் படுக்கையிலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஹால் மூலையில் இருந்தால், அது கணக்கில் அது 'வெளியே' போய்விட்டது. தாய் சொல்லிக் கொடுத்ததைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. அடி விழுவது நம்ம வரைபடமும் அதன் வரைபடமும் ஒத்துப்போகாததால்.

விற்கும் இடத்தில் கூண்டிலேயே கிடந்த குட்டியின் கதை இன்னும் மோசம். வேறு வழியில்லாமல் படுத்த இடத்திலேயே கழித்துப் பழகி, பிறவியிலேயே வந்த அந்தச் சுத்த உணர்ச்சியும் மழுங்கிப்போயிருக்கும். 2017இல் வந்த மத்திய அரசின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்கின்றன. ஸ்காட்டும் ஃபுல்லரும் சொன்ன எட்டரை வாரத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 'அஞ்சு வாரக் குட்டி, சீக்கிரம் ஒட்டிக்கும்' என்று யாராவது தந்தால், தாயிடம் படிக்க வேண்டிய பாடத்தைப் பாதியில் பிடுங்கிக்கொண்டு வருகிறோம் என்று அர்த்தம்.

1981, மதராஸ்

'அப்போ கீழே தெருவுக்குத் தூக்கிட்டுப் போனா ஆச்சு' என்று தோன்றும். அதற்குக் குறுக்கே நிற்பது ஒரு வைரஸ். 1978இல் நாய்களுக்கு ஒரு புது நோய் உலகத்தின் பல பகுதிகளில் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் கிளம்பியது. பார்வோ. ரத்தபேதி, வாந்தி, ரெண்டு மூணு நாளில் குட்டி செத்துப்போகும். இந்தியாவில் இதைப் பற்றிய முதல் மருத்துவப் பதிவு 1981இல் மதராஸிலிருந்துதான் வந்தது.

இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். செருப்பில் ஒட்டி வீட்டுக்கும் வரும். சாதாரண பினாயில், சோப்புக்கெல்லாம் அசையாது. பிளீச் கரைசல்தான் அதைக் கொல்லும். ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கும் தடுப்பூசி, மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம் வரை போகும். அது முடிவதற்குள் பல நாய்கள் புழங்கும் தெருமண்ணில் குட்டியை விடுவது ஆபத்து.

அதாவது, இடம் தேடப் பழகும் அந்த அருமையான வாரங்களில்தான் குட்டி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்க வேண்டும். பேப்பர் விரிப்பதும் டிரே வைப்பதும் ஏதோ ஃபேஷன் என்று நினைத்திருந்தேன். பார்வோவுக்குப் பிந்தைய உலகில் மாடி வீட்டுக் குட்டிக்கு வேறு வழி கம்மி.

அந்த அழுகை

இப்போ ராத்திரிக்கு வருவோம். ஸ்காட் குழுவினர், பழக்கமில்லாத இடத்தில் தனியாக விடப்பட்ட குட்டிகளின் கத்தலை எண்ணிப் பார்த்தவர்கள். 1977இல் வெளியான ஒரு சோதனையில் அந்த அழுகையை எது நிறுத்தும் என்று பார்த்தார்கள். சாப்பாடு வைத்தார்கள், பயனில்லை. மெத்தென்ற துணி ஓரளவு உதவியது. எல்லாவற்றையும் விட நன்றாக வேலை செய்தது ஒரு மனுஷர் பக்கத்தில் இருந்தது.

அடுத்த வருடம் யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் ஸ்காட்டோடு சேர்ந்து செய்த ஆய்வில், தூக்கம் வராத அளவு மிகக் குறைந்த மார்ஃபின் தந்தபோது குட்டிகளின் அழுகை அடங்கியது. பிரிவு என்பது அந்த மூளைக்குக் கிட்டத்தட்ட ஒரு உடல் வலி என்று அவர் வாதாடினார். குட்டி அடம்பிடிக்கவில்லை, நம்மைச் சோதிக்கவும் இல்லை. தாய், கூடப்பிறந்தவர்கள் என்று ஒரு குவியலாகத் தூங்கியது, முதல் முறையாகத் தனியாகத் தூங்குகிறது. கண்டெய்னர் லாரி ஹாரனும் தெருநாய் ஊளையும் அதற்குப் புதுசு.

'கத்தட்டும், தானா அடங்கும்' என்ற அறிவுரைக்கும், மூத்திரத்தில் மூக்கைத் தேய்க்கும் பழக்கத்துக்கும் வயசு அதிகம். 1910இல் ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் எழுதிய பயிற்சி நூல் கட்டாயத்தையும் கண்டிப்பையும் பெரிதும் நம்பியது. அது போலீஸ் நாய்க்கும் போர் நாய்க்கும் ஆனது. 1951இலேயே பி.எஃப். ஸ்கின்னர், சரியானதைச் செய்த அந்த நொடியில் பரிசு தந்தால் விலங்கு வேகமாகக் கற்கும் என்று பொதுவாசகருக்கு எழுதிவிட்டார். ஆனா பல வீடுகளில் இன்னும் சுருட்டின பேப்பர்தான் ஆட்சி செய்கிறது. அடி வாங்கின குட்டி கற்பது ஒண்ணுதான்: இவர் பார்க்கும்போது இருக்கக்கூடாது, சோஃபா பின்னாடி போய் இருக்கணும்.

இதிலிருந்து கிடைக்கும் முறை

1. முதல் ரெண்டு மூணு வாரம் குட்டியின் பெட்டி உங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். கை நீட்டினா தொடுகிற தூரம். பிறகு நாளுக்குக் கொஞ்சமாக நகர்த்தலாம். பெட்டி, குட்டி படுத்துத் திரும்பும் அளவே போதும். பெரிதாக இருந்தால் ஒரு மூலை டாய்லெட் ஆகிவிடும்.

2. ரெண்டு மாசக் குட்டிக்கு ராத்திரி மூணு மணி நேரத்துக்கு ஒரு அலாரம். அது அழுவதற்கு முன்னாடி நீங்கள் எழுந்திருங்கள். விளக்கைக் குறைத்து, பேசாமல், விளையாடாமல் டிரேவுக்குத் தூக்கிப்போய்த் திரும்பப் படுக்க வைக்கவும். வாரம் ஒருமுறை அலாரத்தை அரை மணி தள்ளலாம்.

3. கடைசிச் சாப்பாடு ஒன்பது மணி வாக்கில், கொஞ்சமாக. நம்ம ஊர் வெயிலில் தண்ணீரை மறைக்காதீர்கள்.

4. பால்கனியில் ஒரு டிரே. அதில் நாய் நடமாடாத இடத்தின் சுத்தமான மணலோ புல் தரையோ. டைல்ஸுக்கும் அதற்கும் கால் வித்தியாசம் உணரணும். குப்பத்து மணல் செய்த வேலையை இந்த டிரே செய்யும்.

5. தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட கால் மணியிலும், விளையாடி முடித்ததும் அங்கே தூக்கிப் போங்கள். இருந்த அந்த நொடியிலேயே ஒரு துணுக்குத் தின்பண்டம்.

6. தவறிய இடத்தை நாய் மூத்திரத்துக்கென்றே விற்கும் என்சைம் திரவத்தால் துடைக்கவும். நமக்கு வாசனை போய்விட்டாலும் அதன் மூக்குக்குப் போகாது.

7. ஒரு நோட்டில் நேரம் குறித்து வையுங்கள். எங்கள் தொழிலில் லாக் பார்க்காமல் யாரும் பிழை தேட மாட்டோம். அஞ்சு நாள் குறித்தால் குட்டியின் கடிகாரம் தெரிந்துவிடும். பெரும்பாலான சின்ன ஜாதிக் குட்டிகள் நாலு, அஞ்சு மாசத்தில் ராத்திரியைத் தாண்டிவிடும். பகல் பழக்கம் முழுசாக நிலைக்க இன்னும் சில மாசம் ஆகலாம்.

ஏன் இவ்வளவு மெனக்கெடணும்

மதராஸில் தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வழக்கம் 1860இல் தொடங்கியது என்கிறது புளூ கிராஸ். 1964இல் அந்த அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து ஊசி போட்டுவிடலாம் என்று சொல்ல ஆரம்பித்தது. சென்னை முழுக்க மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆகிவிட்டது. இன்று பேசின் பிரிட்ஜ் பக்கம் மாநகராட்சி நாய் கருத்தடை மையம் நடக்கிறது.

தெருவில் பிறந்த நாய்க்குத் தெரு தெரியும். வீட்டுக்குள் 'அசிங்கம் பண்ணுது' என்று மொட்டை மாடியில் கட்டப்பட்டு, அப்புறம் ஒரு நாள் எக்ஸ்பிரஸ்வே ஓரம் இறக்கிவிடப்படும் மூணு கிலோ பொமரேனியனுக்கு ஒண்ணும் தெரியாது. எந்த வண்டி நிற்கும், எந்த நாய் கடிக்கும், சோறு எங்கே கிடைக்கும் எதுவும். அந்த உடம்பைச் சுருக்கியதும் மனுஷன், வாசலிலிருந்து தூக்கி மாடிக்குக் கொண்டுபோனதும் மனுஷன்.

இந்த ரெண்டு பிரச்சினையும் தீருவதற்குச் சில வாரத் தூக்கம்தான் விலை. அந்த விலை கொடுக்க முடியாத மாசத்தில் குட்டி வாங்காமல் இருப்பது நல்லது. வாங்கிவிட்டால் அலாரம் வையுங்கள்.